துறைமுகச் சங்கு: 2020 நாட்குறிப்பு

மார்ச் 14, சனி

கொரோனாவுக்காக சிடிசி (அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம்) உத்தரவு போட்டுவிட்டது. அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து 30 நாளுக்குப் பயணிகள் கப்பல் எதுவும் புறப்படக் கூடாது. நேற்றே கப்பல் நிறுவனங்கள் தாமாகவே நிறுத்திக்கொண்டுவிட்டன. "நமக்கு ஜனவரிதானே அண்ணி, பத்து மாதம் கிடக்கிறது" என்று போனில் சொன்னேன். சொன்ன கையோடு அலமாரியைத் திறந்து ரசீதை எடுத்துப் பார்த்தேன். ஜனவரி இசைக் கப்பல் பயணம். அண்ணன், அண்ணி, நான், மூன்று பேர், ஒரே கேபின், ஏழு இரவுகள். மொத்தம் 9,600 டாலர். கட்டியிருப்பது முன்பணம் 1,500.

ரசீதைத் திரும்ப உள்ளே வைக்க மனம் வரவில்லை. மேசை மேலேயே இருக்கிறது.

மார்ச் 15, ஞாயிறு

சாயங்காலம் துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊதவில்லை.

மார்ச் 25

இந்தியா முழுக்க ஊரடங்கு. திருச்சியில் அண்ணன் கவலைப்படுவதாகவே தெரியவில்லை. வாசலில் பால் வந்துவிடுகிறதாம், அது போதுமாம். "சனவரிக்குள் எல்லாம் சரியாகிவிடும் பாப்பா" என்கிறார். அறுபது வயதுக்காரியை இன்னும் பாப்பா என்று கூப்பிட அவர் ஒருவர்தான் மிச்சம்.

ஏப்ரல் 2, வியாழன்

ஸான்டாம் பயணிகள் கப்பல் இன்று இங்கே புளோரிடாவின் போர்ட் எவர்கிளேட்ஸ் துறைமுகத்துக்குள் வந்தது. கப்பலிலேயே நான்கு பேர் இறந்திருக்கிறார்கள். எந்த நாடும் சேர்த்துக்கொள்ளாமல் இத்தனை நாள் கடலில் அலைந்துவிட்டு, நாங்கள் ஏற வேண்டிய அதே துறைமுகத்துக்கு வந்து நிற்கிறது. தொலைக்காட்சியில் ஆம்புலன்ஸ் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாதத்தைப் பிசைந்தேனே தவிர வாயில் வைக்க முடியவில்லை.

நேற்று ஜாஸ் பியானோக் கலைஞர் எல்லிஸ் மார்சாலிஸ் போய்விட்டார். 85 வயது, இதே கொரோனா. முந்தாநாள் டிரம்பெட் வாலஸ் ரோனி. அவருக்கு 59தான். அண்ணனிடம் சொல்லவில்லை. அவரே படித்துவிட்டிருப்பார். என்னிடம் அவரும் சொல்லவில்லை.

ஏப்ரல் 10

தடையை நேற்று இன்னும் 100 நாள் நீட்டித்துவிட்டார்கள். வரும் 15ஆம் தேதி இரண்டாம் தவணை, 2,400 டாலர்.

விமான டிக்கெட் விஷயத்தில் ஒரு பிடிமானமாவது இருக்கிறது. விமான நிறுவனமே பயணத்தை ரத்து செய்தால், காரணம் அதன் கையில் இல்லாவிட்டாலும் பணத்தைத் திருப்பித் தந்தாக வேண்டும் என்று போக்குவரத்துத் துறை 3ஆம் தேதி எல்லா நிறுவனங்களுக்கும் நினைவூட்டியது. வவுச்சரைக் கையில் திணித்து அனுப்ப முடியாது. கப்பலுக்கு இப்படி நறுக்கென்று ஒரு வரி எங்கேயாவது இருக்கிறதா என்று இரவு இரண்டு மணி வரை தேடினேன்.

ஏப்ரல் 15

கட்டிவிட்டேன்.

ஏப்ரல் 16

லீ கோனிட்ஸும் போய்விட்டார், நேற்று. 92 வயது. ஜாஸ், ஆல்டோ சாக்ஸபோன்.

இந்த முறை அண்ணனே கூப்பிட்டார். கத்ரி கோபால்நாத் போன அக்டோபரில் இறந்தபோது எப்படிப் பேசினாரோ அப்படியே பேசினார், மெதுவாக, இடைவெளி விட்டு விட்டு. கத்ரி அந்த வாத்தியத்தில் கமகத்தைக் கொண்டுவர எத்தனை வருடம் சாவிகளோடு போராடினார் என்று ஆரம்பித்து, கோனிட்ஸின் ஊதலில் அதிர்வே இருக்காது, தண்ணீர் மாதிரி இருக்கும் என்று போய், கடைசியில், "கேட்கிற வரைக்கும் கேட்டுவிட வேண்டும்" என்றார். நான் பேச்சை மாற்றி ரசப்பொடி பற்றிக் கேட்டேன்.

மே 1, வெள்ளி

ஃபெடரல் மாரிடைம் கமிஷன், அதாவது அமெரிக்கக் கடல் போக்குவரத்து ஆணையம், கப்பல் பயணத் தொழிலின் கொரோனாச் சிக்கல்கள் பற்றி விசாரணை தொடங்கியிருக்கிறது. நேற்று உத்தரவு. ஒரு வாரமாகப் படித்ததில் எனக்குப் புரிந்ததை எழுதி வைக்கிறேன். இல்லாவிட்டால் நாளைக்கு மறுபடியும் முதலிலிருந்து குழம்புவேன்.

சாதாரணக் கப்பல் பயணத்தில் கப்பல் நிறுவனத்திடம் நேராகப் பணம் கட்டுகிறோம். பயணம் ரத்தானால் முழுப் பணம், அல்லது 125 சதவீதத்தை அடுத்த பயணத்துக்கு வரவு. பல நிறுவனங்கள் இப்போது அப்படித்தான் கொடுக்கின்றன. இசைப் பயணம் அந்த மாதிரி இல்லை. ஏற்பாட்டாளர் ஒருவர் முழுக் கப்பலையும் வாடகைக்கு எடுக்கிறார். கலைஞர்களை அவரே பேசி அமர்த்துகிறார், மேடை, ஒலி, ஒளி எல்லாம் அவர் பொறுப்பு. நம் பணம் அவரிடம் போகிறது. அவர் அதிலிருந்து கப்பல்காரருக்குத் தவணை கட்டுகிறார். கப்பல்காரர் "ஜனவரியில் கப்பல் இல்லை" என்று சொன்னால்தான் அவருக்குப் பணம் திரும்பும், அவருக்குத் திரும்பினால்தான் நமக்கு. அவராக முந்திக்கொண்டு நிறுத்தினால் கட்டிய வாடகை அவருக்குத் திரும்பாது. நாமாக முந்திக்கொண்டு நிறுத்தினால் நம் பணம் நமக்கு முழுசாகத் திரும்பாது. யார் முதலில் வாய் திறக்கிறார்களோ அவர்களுக்கு நஷ்டம். அதனால்தான் யாரும் பேசுவதில்லை.

அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. மேடைகள் எல்லாம் மூடிக் கிடக்கின்றன, வாசிக்கிறவர்களுக்கு வருமானமே இல்லை. அந்த முன்பணத்தில் யாரோ ஒரு டிரம்ஸ்காரர் இந்த மாத வாடகை கொடுத்திருக்கலாம். ஆனாலும் ஒரு மின்னஞ்சலுக்குப் பதில் போட என்ன செலவாகிவிடும்? 17 நாளாகிறது.

மே 4

கார்டு கொடுத்த வங்கியில் கேட்டேன். "கப்பல் இன்னும் ரத்தாகவில்லையே அம்மா, எதை எதிர்த்துப் புகார் செய்வீர்கள்?" நியாயமான கேள்விதான். அழுதுவிட்டேன். அந்தப் பெண் பாவம், பொறுமையாக இருந்தாள்.

மே 9

அண்ணி ரகசியமாகக் கூப்பிட்டாள். மருந்துக் கடையில் சண்டையாம். எல்லோர் முகத்திலும் மாஸ்க். உதட்டைப் பார்த்துத்தான் அண்ணன் இத்தனை நாள் சமாளித்திருக்கிறார் என்பதே இப்போதுதான் எங்களுக்குத் தெரிகிறது. கடைக்காரப் பையன் மூன்று தடவை சொல்லியும் புரியாமல், கவுண்டரில் பணத்தை வைத்துவிட்டு மருந்து வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டாராம்.

மே 10

தூக்கமில்லை. அப்பாவுக்கும் இப்படித்தான் முதலில் இடது காது.

மே 26, செவ்வாய்

கடற்கரையைத் திறந்துவிட்டார்கள். காலை ஆறு மணிக்கே போனேன். தூரத்தில் கப்பல்கள் நங்கூரம் போட்டு நிற்கின்றன, வெள்ளை வெள்ளையாக, ஆளில்லாத கல்யாண மண்டபம் மாதிரி. ஆள் இல்லாமல் இல்லை, ஊழியர்கள் உள்ளே இருக்கிறார்கள். மார்ச்சிலிருந்து இறங்க முடியாமல், ஊருக்குப் போக முடியாமல். நம் ஊர்ப் பிள்ளைகளும் அதில் நிறைய இருப்பார்கள். நான் 3,900 டாலருக்குப் புலம்புகிறேன்.

வீட்டுக்கு வந்ததும் மறுபடி புலம்பத்தான் செய்தேன்.

ஜூன் 14, ஞாயிறு

ஏதோ ஒரு கப்பல் எண்ணெய் நிரப்பவோ என்னவோ உள்ளே வந்துவிட்டுத் திரும்பப் போனது. மூன்று மாதத்துக்குப் பிறகு சங்கு! அப்போது அண்ணனோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தேன். ஓடிப்போய் பால்கனிக் கதவைத் திறந்து போனை வெளியே நீட்டினேன்.

2014இல் அவர் வந்திருந்தபோது, நாங்கள் இன்னமும் ஜான் லாய்ட் பூங்கா என்றே சொல்கிற இடத்துக்குக் கூட்டிப்போனேன். துறைமுக வாய்க்குப் பக்கத்திலேயே பாறை வரிசை. கப்பல் கைக்கெட்டும் தூரத்தில் போகிற மாதிரி இருக்கும். சங்கு ஊதியதும் அண்ணன் மெஷினைக் காதிலிருந்து கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இதற்கு மெஷின் வேண்டாம், நெஞ்சிலேயே கேட்கிறது" என்றார். பொன்மலை ரயில் பட்டறைச் சங்கைக் கேட்டு அப்பா கடிகாரத்தைத் திருப்பி வைத்ததை அன்றைக்கு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். இசைக் கப்பல் ஆசை அந்தப் பாறையில் பிறந்ததுதான். அன்று போன கப்பலின் மேல்தட்டில் யாரோ சாக்ஸபோன் வாசித்துக்கொண்டிருந்தார்கள். காற்று இந்தப் பக்கம் அடிக்கும்போது இரண்டு மூன்று ஸ்வரம் வரும், பிறகு போய்விடும்.

இன்று போனில் அவருக்கு ஒன்றுமே கேட்கவில்லை. "என்ன காட்டுகிறாய்? கதவா?" என்றார்.

ஜூன் 15

காரணத்தைத் தேடிப் பிடித்தேன். 200 மீட்டரோ அதற்கு மேலோ நீளமுள்ள கப்பலின் சங்கு 70 முதல் 200 ஹெர்ட்ஸுக்குள் ஒலிக்க வேண்டும் என்பது சர்வதேசக் கடல் விதி. இவ்வளவு கீழான ஒலியைப் போனின் சின்ன ஸ்பீக்கர் விழுங்கிவிடும். மேல் ஒலிகளை மட்டும்தான் அது அனுப்பும். அண்ணனுக்கு முதலில் போனதே அந்த மேல் ஒலிகள்தான். மிருதங்கத்தில் தொப்பி (தாழ்ந்த ஒலியுள்ள இடப்பக்கம்) கேட்கிறது, வலந்தலை (உயர்ந்த ஒலியுள்ள வலப்பக்கம்) கேட்கவில்லை என்பார். அவருக்குக் கேட்பதை போன் அனுப்பாது, போன் அனுப்புவது அவருக்குக் கேட்காது. ஆன்லைனில் கச்சேரி பார்க்கலாமே என்று என்னிடம் இனி யாரும் சொல்ல வேண்டாம்.

ஜூன் 30, இரவு

ரத்து செய்யும் கெடு இன்றோடு முடிகிறது. இன்றைக்குள் நானாக ரத்து செய்தால் முன்பணம் 1,500 மட்டும் போகும், 2,400 திரும்ப வரும். நாளை முதல் மொத்தக் கட்டணத்தில் பாதி, 4,800, அவர்களுக்கு.

காப்பீட்டுத் தாளை மறுபடியும் படித்தேன். எந்தக் காரணத்துக்காகவும் ரத்து செய்யலாம் என்கிற வகையை வாங்கியிருந்தால் முக்கால் பங்காவது வந்திருக்கும். அதை முன்பணம் கட்டிய இரண்டு மூன்று வாரத்துக்குள் வாங்கியிருக்க வேண்டும். ஜனவரியில் எனக்கு அது வீண் செலவாகத் தெரிந்தது. எங்கள் வாடகைக் கார் ஒப்பந்தத்தைக்கூட வரிக்கு வரி படிக்கிறவள் நான்.

அண்ணனிடம் கேட்டேன். "அவர்களாக நிறுத்தும்வரை நீ நிறுத்தாதே." பணத்துக்காகச் சொல்கிறாரா? இல்லை, போய்விடலாம் என்று இன்னமும் நம்புகிறாரா? அண்ணியிடம் கேட்டால், "ஜனவரிக்கு ஸ்வெட்டர் வாங்கி வைத்திருக்கிறார்" என்கிறாள். புளோரிடாவுக்கு எதற்கு ஸ்வெட்டர்? மேல்தட்டில் இரவில் காற்று அடிக்குமாம். ராத்திரிக் கச்சேரிக்காம்.

11.40. மடிக்கணினி திறந்தே இருக்கிறது.

ஜூலை 1

ரத்து செய்யவில்லை.

ஜூலை 15

மூன்றாம் தவணையும் போயிற்று. ஆக 6,300.

ஜூலை 16

தவணை கட்டி ஒரு நாள் ஆகவில்லை, தடை செப்டம்பர் 30 வரை நீண்டுவிட்டது. ஒரு நாள் பொறுத்திருந்தால்? பொறுத்திருந்தாலும் கட்டித்தான் இருப்பேன்.

ஆகஸ்ட் 8

அண்ணனுக்குப் புது ஆடியோகிராம், காது கேட்கும் அளவைக் காட்டும் வரைபடம். அண்ணி போட்டோ எடுத்து அனுப்பினாள். வலது காதின் கோடு 1,000 ஹெர்ட்ஸ் வரை பரவாயில்லை. அதற்குப் பிறகு மாடிப்படியில் தவறி விழுந்த மாதிரி இறங்குகிறது. போன வருடத்துத் தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு வருடத்தில் இரண்டு கட்டம் கீழே.

இரண்டு தாளையும் மேசையில் ரசீதுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 9

அந்த இரண்டு கட்டம்.

செப்டம்பர் 25, வெள்ளி

எஸ்.பி.பி. போய்விட்டார். அண்ணன் போனை எடுக்கவில்லை. அண்ணியும் எடுக்கவில்லை.

செப்டம்பர் 27

அண்ணன் பேசினார். மெஷினைக் கழற்றிவிட்டு, வானொலிப் பெட்டியைத் தலையணை மேல் வைத்து, அதன்மேல் காதை அழுத்திக்கொண்டு இரண்டு நாளும் கேட்டாராம். தலையணை அதிர்கிறதாம். "பாட்டு எதுவென்று தெரியவில்லை, குரல் அவருடையதுதான் என்று தெரிகிறது" என்றார்.

செப்டம்பர் 30

தடை அக்டோபர் 31 வரை. கடைசித் தவணை நாளைக்கு என்று இருந்தது. நவம்பர் 15க்குத் தள்ளியிருப்பதாக ஏற்பாட்டாளரிடமிருந்து இன்று கடிதம். மார்ச்சுக்குப் பிறகு அவர்களாக எழுதிய முதல் கடிதம். 'எங்கள் இசைக் குடும்பமே' என்று தொடங்குகிறது. மூன்று தடவை படித்தேன். போகிறோம் என்றும் இல்லை, போகவில்லை என்றும் இல்லை.

அக்டோபர் 31

தடையை எடுத்துவிட்டு நேற்று நிபந்தனை உத்தரவு போட்டிருக்கிறார்கள். கப்பலில் பரிசோதனைக் கூடம் வேண்டும். முதலில் தன்னார்வலர்களை ஏற்றி ஒத்திகைப் பயணம் போய்க் காட்ட வேண்டும். ஏழு நாளுக்கு மேல் பயணம் கூடாது. நம்முடையது சரியாக ஏழு இரவு! இதைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கூடம் அமைத்து, ஒத்திகை போய், அனுமதி வாங்கி, இரண்டரை மாதத்துக்குள்ளா?

அண்ணனிடம் ஏழு நாள் விஷயத்தை மட்டும் சொன்னேன்.

நவம்பர் 3

கப்பல் நிறுவனங்களின் சங்கம் டிசம்பர் 31 வரை பயணம் இல்லை என்று அறிவித்துவிட்டது. ஜனவரி பற்றி ஒரு வார்த்தை இல்லை. நாடே தேர்தல் முடிவைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, நான் மின்னஞ்சல் பெட்டியை.

நவம்பர் 6, வெள்ளி

வந்துவிட்டது. பயணம் ஜனவரி 2022க்குத் தள்ளிவைப்பு. அதே கப்பல். கட்டிய பணம் தானாக அடுத்த வருடத்துக்கு வரவாகும், கேபினும் அதுவே, கூடவே 200 டாலர் சலுகை. பணம் திரும்ப வேண்டுமென்றால் இணைப்பிலுள்ள படிவத்தை 20ஆம் தேதிக்குள் அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் வரவுக்குச் சம்மதம் என்று பொருள்.

எட்டு மாதமாக இதற்காகத்தான் காத்திருந்தேன். அவர்களாகச் சொல்லிவிட்டார்கள், முழுப் பணமும் வரும். சந்தோஷப்பட வேண்டியது. படிவத்தை அச்செடுத்து, ரசீதையும் ஆடியோகிராம்களையும் நகர்த்தி, நடுவில் வைத்தேன்.

வரவு என்கிறார்கள். 6,300 டாலர் ஒரு வருடம் கழித்தும் 6,300 டாலராகவே இருக்கும். 1,000 ஹெர்ட்ஸ் இருக்குமா?

நவம்பர் 11

அண்ணன் 2022 என்கிறார். "பணத்தை வாங்கிவிட்டால் அப்புறம் நாம் போகவே மாட்டோம் பாப்பா, எனக்குத் தெரியும்." அண்ணி, பணத்தை வாங்கி அவருக்கு நல்ல மெஷினாக வாங்கலாம் என்கிறாள். இரண்டு பேரும் சொல்வது சரிதான். ஒரே வீட்டிலிருந்து தனித்தனியாகக் கூப்பிட்டுச் சொல்கிறார்கள்.

நவம்பர் 14

ஸ்வெட்டர் என்ன நிறம் என்று கேட்டேன். பழுப்பு.

நவம்பர் 19, வியாழன்

'பணத்தைத் திருப்பித் தரவும்' என்கிற கட்டத்தில் குறியிட்டேன். அனுப்பவில்லை. இங்கே சாயங்காலம் ஆறு, திருச்சியில் விடிகாலை நாலரை. ஆறு மணிக்கு எழுந்துவிடுவார். இன்னொரு முறை கேட்டுவிட்டு