தீபாவளி டியூட்டி

தீயணைப்புத் துறையில் இருப்பவனுக்குத் தீபாவளிக்கு லீவு கிடையாது. முந்தின நாளே வண்டியில் தண்ணீர் நிரப்பி, ஓஸ்களைச் சரிபார்த்து, ஸ்டேஷனிலேயே கிடப்போம். வீட்டில் பிள்ளைகள் மத்தாப்பு கொளுத்துவதை வீடியோ காலில் பார்ப்பதோடு சரி. அதெல்லாம் பழகிவிட்டது.

சென்னையில் இத்தனை வருடம் இந்த டியூட்டி பார்த்ததில் ஒன்று புரிந்தது. நாலு பேர் நின்று பட்டாசு வெடிக்கிற இடத்தில் கை சுடும், கண்ணில் பொறி படும், ஆனால் வீடு பற்றுவது அபூர்வம். வீடு பற்றுவது ஆள் இல்லாத பக்கத்தில்தான். எல்லோரும் கூடத்தில் இருக்கும்போது அடுப்படி பற்றும். எல்லோரும் தெருவில் இருக்கும்போது மொட்டை மாடி பற்றும்.

அடுப்படி என்றால் பலர் நம்புவதில்லை. பட்டாசுச் சத்தம் சூடு பிடிப்பதற்கு முன்பே, முந்தின ராத்திரியே எங்களுக்குப் போன் வந்துவிடும். முறுக்கு, அதிரசம் என்று நடுச்சாமம் வரை எண்ணெய்ச் சட்டி அடுப்பில் இருக்கும். நாள் முழுக்க நின்று கால் ஓய்ந்த அம்மா, துணி வந்துவிட்டது என்று யாரோ கூப்பிட்டதும் ஒரு நிமிஷம் வெளியே போவார். முறுக்கு வேகிற சூடு 180 டிகிரி பக்கம். அடுப்பைக் குறைக்காமல் விட்டால் எண்ணெய் முதலில் புகையும், அப்புறம் 350-ஐயும் தாண்டிப் போனால் நெருப்பு தொடாமலேயே தானாகப் பற்றிக்கொள்ளும். அதைப் பார்த்ததும் கை தண்ணீர்க் குடத்துக்குத்தான் போகிறது. தண்ணீர் எண்ணெயை விடக் கனம், அடியில் போய் அதே நொடியில் ஆவியாகிச் சுமார் 1,700 மடங்கு விரியும். எரிகிற எண்ணெயை அப்படியே சீலிங்குக்குத் தூக்கி அடிக்கும். சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவது அதைவிட மோசம். கையிலும் காலிலும் கொட்டிக்கொண்டவர்களைக் கீழ்ப்பாக்கம் தீக்காயப் பிரிவுக்கு ஏற்றி அனுப்பியிருக்கிறோம்.

மேற்கு மாம்பலம் பக்கம் ஒரு வீட்டில் பாட்டி ஒருவர் சரியாகச் செய்திருந்தார். அடுப்பைத் திருகி அணைத்துவிட்டு, இட்லிப் பானை மூடியைச் சட்டி மேல் கவிழ்த்துவிட்டார். காற்றுப் போகாமல் தீ அடங்கிவிட்டது. பையன்தான் அணைந்ததா பார்க்கலாம் என்று மூடியைத் தூக்கியிருக்கிறான். உள்ளே எண்ணெய் இன்னும் அதே சூட்டில்தான் இருந்தது, காற்றுப் பட்டதும் திரும்பப் பிடித்து, மேலே இருந்த அலமாரியும் சிம்னியும் போய்விட்டன. நாங்கள் போனபோது பாட்டி வாசலில் உட்கார்ந்து, "திறக்காதேடான்னு தலையால அடிச்சுக்கிட்டேன் தம்பி" என்று என்னிடம் முறையிட்டார். பையன் லிஃப்ட் பக்கம் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். சட்டி தொட்டால் சுடாத அளவு ஆறும்வரை சட்டி மூடியபடியே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மொட்டை மாடிக் கதை வேறு. 2018-ல் உச்ச நீதிமன்றம் பட்டாசுக்கு இரண்டு மணி நேரம் என்று வரையறுத்த பிறகு, நம் அரசு காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று பிரித்துக் கொடுத்தது. அந்த ஒரு மணி நேரத்தோடு யார் நிறுத்துகிறார்கள்? பாட்டிலில் வைத்த ராக்கெட் சாய்ந்து, எதிர் வீட்டு மாடியில் போய் விழும். அங்கே என்ன இருக்கும்? பழைய மெத்தை, ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி, காய்ந்த தென்னை ஓலை, கொடியில் துணி. வீட்டுக்காரர் கீழே சக்கரம் விட்டுக்கொண்டிருப்பார். என்னைக் கேட்டால், தீபாவளிக்கு வெள்ளையடிப்பதைவிட மாடியைக் காலி செய்வது முக்கியம். குடிசைப் பகுதிகளில் சாயங்காலமே கூரையில் தண்ணீர் தெளித்து, ஈரச் சாக்குப் போட்டு, வாளியோடு ஒருவர் காவல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். காங்கிரீட் வீட்டுக்காரர்களுக்கு அந்தப் பயம் இல்லை.

ஊருக்குப் போனவர்களின் வீடு தனித் தலைவலி. பால்கனிக் கொடியில் துணி, ஜன்னல் திறந்திருக்கும், சாவி யாரிடம் என்று தெரியாது. பூட்டை உடைத்து உள்ளே போவதற்குள் திரைச்சீலை தாண்டி மெத்தைக்குப் போயிருக்கும். கிளம்பும் முன் துணியை எடுத்து, ஜன்னலைச் சாத்தி, சிலிண்டர் ரெகுலேட்டரை மூடி, பக்கத்து வீட்டில் சாவி கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். பூஜை அறை விளக்கையும் அணைத்துவிட்டுப் போங்கள். நாள் கிழமையில் விளக்கை அணைக்கலாமா என்று மாமிகள் கேட்பார்கள். எண்ணெய் ஊறிய திரி எலிக்குத் தீனி. எரிகிற திரியையே இழுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போகும், பழைய வீடுகளில் இது ஆச்சரியமே இல்லை.

அப்புறம், பட்டாசைக் காய வைக்கிற பழக்கம். மழை பெய்கிறது என்று அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கிறார்களே, அவர்களை என்ன சொல்வது. மறுநாள் காலையில் கூட்டிக் குவித்த பட்டாசுக் குப்பையிலும் வெடிக்காதது கிடக்கும். அதை பைக் நிற்கிற இடத்தில் குவிக்காமல், தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு அள்ளினால் போதும்.

எங்களைக் கூப்பிட 101, அல்லது 112. போனில் பதற்றத்தில் "சீக்கிரம் வாங்க" என்று சொல்லி வைத்துவிடுவார்கள். தெருப் பெயர் மட்டும் சொன்னால் போதாது, பக்கத்தில் என்ன கோயில், என்ன கடை என்று சொல்ல வேண்டும். அன்றைக்குச் சந்துகளில் இரண்டு பக்கமும் கார் நிற்கும், நடுவில் சரவெடி போட்டிருப்பார்கள், எங்கள் வண்டி நுழையாது. எரிகிற வீட்டைச் சுற்றி நிற்கிற கூட்டத்தில் ஒருவர் தெருமுனைக்கு வந்து வழி காட்டட்டும், இன்னொருவர் கார்க்காரரைத் தேடிப் பிடித்துச் சாவி வாங்கட்டும்.