கச்சான் காலத்துத் தொண்டை

ஆடி மாதம் எங்கள் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துவதென்றால் முதலில் காற்றோடு வழக்காடி முடிக்க வேண்டும். மண்டபம் ஊருக்குத் தெற்கே, ஆண்கடல் ஓரமாக இருக்கிறது பள்ளி. மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும், வடக்கே பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும்தான் இங்கே சொல்வோம். கச்சான் காற்று எழுந்துவிட்டால் அலையின் இரைச்சல் ஒரு பக்கம், தகரக் கூரை அடித்துக்கொள்வது ஒரு பக்கம். பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவிடுவார்கள். நான் நிறுத்தவில்லை. மூன்றாம் வகுப்பில் 36 பிள்ளைகள். கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமே என்று 12 வருடம் கத்தியே பாடம் நடத்தினேன்.

முதலில் வெள்ளிக்கிழமை மாலையில்தான் தொண்டை கட்டும். திங்கட்கிழமை சரியாகிவிடும். போன வருடம் ஆடியில் திங்கட்கிழமையும் சரியாகவில்லை. வருகைப் பதிவேட்டைத் திறந்து முதல் பெயரைக் கூப்பிட்டேன். பாதிப் பெயர் ஒலியாகவும் மீதி வெறும் காற்றாகவும் வந்தது. பனங்கற்கண்டு, மிளகு, சித்தரத்தை எல்லாம் ஆயிற்று. குசுகுசுவென்று பேசினால் தொண்டைக்கு ஓய்வு என்று அக்கறையோடு சொன்னார்கள். அப்படியே இரண்டு வாரம் பேசினேன், இன்னும் மோசமாயிற்று. அழுத்திக் கிசுகிசுப்பதும் தொண்டையை இறுக்குகிற வேலைதான் என்று பிறகுதான் தெரிந்தது. ஓய்வு என்றால் பேசாமலிருப்பது.

மதுரையில் காது மூக்குத் தொண்டை மருத்துவர் மூக்கு வழியாக மெல்லிய கேமரா விட்டுத் திரையில் காட்டினார். வெளிறிய இரண்டு பட்டைகள், அவைதான் குரல்நாண்கள். இரண்டிலும் முன்பக்கம் மூன்றில் ஒரு பங்கு தள்ளி, ஒன்றையொன்று பார்த்தபடி சின்னதாக இரண்டு தடிப்புகள். பார்த்தவுடன் அப்பாவின் உள்ளங்கைதான் நினைவுக்கு வந்தது. வலைக்கயிறு உரசி உரசிக் காய்த்துப்போன கை அது. பெண்கள் பேசும்போது குரல்நாண்கள் நொடிக்கு ஏறத்தாழ 200 தடவை ஒன்றோடொன்று மோதுகின்றன. 40 நிமிடப் பாடவேளை முழுவதும் நிறுத்தாமல் பேசினால் 4,80,000 தடவை. பஸ்ஸில் திரும்பி வரும்போது இந்தக் கணக்கையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டு வந்தேன்.

அறுவை சிகிச்சை வேண்டாம், முதலில் பயிற்சி செய்து பார்க்கலாம் என்றார்கள். பேச்சுப் பயிற்சி தந்த பெண் என்னைவிட இளையவள். எவர்சில்வர் டம்ளரில் பாதித் தண்ணீர், அதில் ஒரு ஸ்ட்ரா, இரண்டு விரற்கடை ஆழம் முங்கியிருக்க வேண்டும். ஸ்ட்ராவைக் கவ்விக்கொண்டு 'ஊ' என்று மெதுவாக ஒலிக்க வேண்டும். முதல் தடவை குமிழி மட்டும் வந்தது, ஒலி வரவில்லை. இரண்டாவது தடவை ஒலி வந்தது, ஆனால் கழுத்து நரம்பு புடைத்தது. "உதட்டில் கூச்சம் வர வேண்டும் அக்கா, தொண்டையில் ஒன்றுமே தெரியக்கூடாது" என்றாள். தண்ணீர் மூச்சைக் கொஞ்சம் மறித்துத் திருப்புகிறது. அந்த அழுத்தம் மேலிருந்து தாங்குவதால் நாண்கள் அடித்துக்கொள்ளாமல் மெல்லத் தொட்டுப் பிரிகின்றன. நான்காம் நாள் காலையில் உதடும் மூக்கடியும் வண்டு உட்கார்ந்ததுபோல அதிர்ந்தன. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

புரட்டாசித் தொடக்கத்தில் தனுஷ்கோடிக்குச் சித்தப்பாவைப் பார்க்கப் போனேன். பெண்கடல் பக்கம் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வலை இழுக்கும்போது அம்பாப் பாட்டுப் பாடுகிறவர் அவர்தான். 60 வயதுக்கு மேலாகிறது, காலையிலிருந்து பாடியும் குரல் பிசிறவில்லை. சிறுவயதிலிருந்து கேட்கிற பாட்டை அன்றைக்குத்தான் பார்த்தேன். கயிற்றைப் பிடித்து உடம்பைப் பின்னால் சாய்க்கும்போதுதான் குரல் எழுகிறது. மூச்சு தீருவதற்கு முன்பே அடியை விட்டுவிடுகிறார், மற்றவர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். காற்று ஓங்கி அடிக்கும்போது அவர் வாய் திறப்பதே இல்லை. கேட்டேன். "காற்றுக்கும் மூச்சு வாங்கும் தாயி. அது மூச்சு வாங்குகிற நேரம் பார்த்துச் சொல்ல வேண்டியதுதான்" என்றார்.

வகுப்பில் செய்த மாற்றங்கள் சின்னவை. தெற்கு ஜன்னலைச் சாத்தினோம், பெஞ்சுகளை அரை வட்டமாகப் போட்டோம், அமைதிக்குக் கத்தாமல் மூன்று தடவை கை தட்டுகிறேன். தொண்டையைக் கனைக்கத் தோன்றினால் ஒரு மடக்குத் தண்ணீர். இரைச்சலில் நம்மையறியாமலே குரல் உயர்கிறது என்று 1911-இல் சொன்னவர் எத்தியன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர். அவர் பெயரால்தான் இன்றும் அதைக் குறிப்பிடுகிறார்கள். வகுப்பில் இது இரண்டு பக்கமும் நடக்கும். என் குரல் ஏற ஏறப் பிள்ளைகளின் சத்தமும் ஏறியது. நான் இறக்கியபோது, ஒரு வாரம் கழித்து, அவர்களும் இறக்கினார்கள்.

ஆசிரியர் என்றால் தொண்டை கட்டத்தான் செய்யும் என்று ஓய்வறையில் சொல்கிறார்கள். நான் இதை ஏற்கவே மாட்டேன். துடுப்புப் பிடிக்கிறவர் தோள் இறங்கிப்போனால் அதை இயல்பு என்றா விடுவோம்? மூன்று வாரத்துக்கு மேல் கரகரப்பு நீடித்தால் தயவுசெய்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

தை மாதம் மறுபடி கேமரா விட்டுப் பார்த்தார்கள். இடது பக்கத் தடிப்பு ஏறக்குறைய இல்லை, வலது பக்கம் பாதியாகியிருந்தது. பயிற்சியை நிறுத்தவில்லை; டம்ளர் என் மேசை இழுப்பறையிலேயே இருக்கிறது.

இப்போது அடுத்த ஆடி வந்துவிட்டது. நேற்று வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். "ஆறெட்டு" என்றதும் கச்சான் கூரையைத் தூக்கி அடித்தது. நிறுத்திக்கொண்டேன், சாக்பீஸ் கையிலேயே இருந்தது. பிள்ளைகளும் காத்திருந்தார்கள். காற்று கொஞ்சம் தணிந்தது. நான் வாய் திறப்பதற்குள் கடைசி வரிசையிலிருந்து "நாற்பத்தெட்டு" என்று ஒரு குரல் வந்தது.