கத்திரியில் குறித்த தேதி

ஜிடிஏ (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ) என்ற வீடியோ விளையாட்டின் ஆறாம் பாகம் 2025-இல் வராது, 2026 மே 26 அன்றுதான் வரும் என்று ராக்ஸ்டார் நிறுவனம் சென்ற ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அறிவித்தபோது, அந்தத் துயரத்தைச் சொல்லி ஆற்றிக்கொள்ள வீட்டில் அம்மாவைத் தவிர எனக்கு வேறு ஆள் இல்லை. தட்டில் பரப்பிய துவரம்பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவர், தெரிந்தவர் வீட்டுக் கல்யாணம் தள்ளிப்போன கதையைக் கேட்பதுபோல முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “மே இருபத்தாறா? அக்னி நட்சத்திரமே இருபத்தெட்டாம் தேதிதானேடா முடியுது? கத்திரியில போய் எவனாவது புதுசா ஒண்ண ஆரம்பிப்பானா?” என்று கேட்டார்.

அந்த நிறுவனத்தின் தலைமையகம் நியூயார்க்கில் இருக்கிறது, விளையாட்டை உருவாக்கும் முக்கியமான கூடம் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் இருக்கிறது, இரண்டு ஊரிலும் கத்திரி வெயில் என்ற ஒன்றே கிடையாது என்று நான் விளக்கினேன். “வெயில் இல்லைன்னா நாள் நட்சத்திரமும் இல்லாமப் போயிடுமா?” என்று சொல்லிவிட்டு அம்மா மீண்டும் பருப்பில் கவனமானார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

இந்த விளையாட்டின் ரசிகனாக இருப்பது எப்படிப்பட்டது என்பதை அறியாதவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை சொல்ல வேண்டும். இதன் ஐந்தாம் பாகம் 2013 செப்டம்பர் 17 அன்று வெளியானது. அப்போது கல்லூரி விடுதியில் ஒரே கணினியைச் சுற்றி அமர்ந்திருந்த நண்பர்களில் பாதிப் பேருக்கு இப்போது பள்ளிக்கூடம் போகும் குழந்தைகள் இருக்கிறார்கள். ஆறாம் பாகத்தின் முதல் முன்னோட்டம் நம் நேரப்படி 2023 டிசம்பர் 5 மாலை ஏழரை மணிக்கு வெளியாகும் என்று அறிவித்திருந்தார்கள். யாரோ அதைத் திருட்டுத்தனமாக வெளியிட்டுவிட்டதால், அன்று விடியற்காலையிலேயே நிறுவனம் அவசர அவசரமாக அதை வெளியிட்டது. இருபத்து நான்கு மணி நேரத்தில் உலகம் முழுவதும் அது 9 கோடி முறைக்கு மேல் பார்க்கப்பட்டது. அந்த 9 கோடியில் என் கணக்கு சேரவில்லை. சென்னையில் மிக்ஜாம் புயல் கொட்டித் தீர்த்த மறுநாள் அது. எங்கள் தெருவில் முழங்கால் அளவுத் தண்ணீர் நின்றது, மின்சாரம் இல்லை, கைபேசியில் சிக்னலும் இல்லை. அப்பா பால் வாங்கி வரச் சொன்னார் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேம்பாலம் வரை நடந்து போய் வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னால் நின்ற கல்லூரிப் பையனின் கைபேசியில் கடற்கரையும் இளஞ்சிவப்பு வானமுமாக ஏதோ ஓடியது. கீறல் விழுந்த அந்தச் சிறிய திரையில், அவனுடைய தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துத்தான், பத்து ஆண்டுகளாகக் காத்திருந்த முன்னோட்டத்தை முதலில் கண்டேன். அவன் திரும்பிப் பார்த்து, “அண்ணா, லீக் ஆயிடுச்சுண்ணா” என்றான். வரிசையில் பின்னால் நின்ற பெரியவர், “எந்த ஏரி தம்பி?” என்று பதறிவிட்டார்.

அந்த முன்னோட்டத்தில் ஒலித்தது 1989-இல் டாம் பெட்டி பாடிய ஒரு பாட்டு. அது வெளியானதும் அந்தப் பழைய பாட்டைக் கேட்பவர்களின் எண்ணிக்கை ஒரே நாளில் எங்கோ போய்விட்டது. இசைச் செய்திகளில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த வகைதான். 2022-இல் ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரின் நான்காம் பருவம் கேட் புஷ் 1985-இல் பாடிய பாட்டொன்றை எடுத்துப் போட, முப்பத்தேழு ஆண்டுகள் கழித்து அது பிரிட்டனில் முதலிடத்துக்கு ஏறியது. இதை அப்பாவிடம் வியப்போடு சொன்னேன். அவர் இளையராஜாவைத் தவிர வேறு எவருடைய இசைக்காகவும் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டாதவர். “எண்பத்தஞ்சுல வந்த பாட்டை உங்க ஆளுங்க இப்பத்தான் கேக்கறாங்களா? நாங்க நிறுத்தவே இல்லையேடா” என்றார். அதற்கு மேல் அந்த உரையாடலை வளர்க்க வழியில்லை.

கடந்த ஆண்டு மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு இளையராஜாவின் சிம்ஃபொனியை அரங்கேற்றிய பிறகு அப்பாவின் குரலில் இன்னொரு சுருதி கூடிவிட்டது. எந்தச் செய்தியைச் சொன்னாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, “சொன்ன தேதியில வந்துச்சா?” என்பதுதான். “எண்பத்தோரு வயசுல ஒரு மனுஷன் மார்ச் எட்டுன்னா மார்ச் எட்டுன்னு போய் நின்னார். உன் ஆளுங்களுக்கு என்ன வயசு?” என்று அவர் கேட்கும்போது, ஒரு பெரிய விளையாட்டுக்கு எத்தனை ஆயிரம் பேர் உழைக்க வேண்டியிருக்கிறது என்றெல்லாம் எடுத்துச் சொல்வதில் பயனில்லை.

என் போன்றவர்கள் இந்தக் காத்திருப்பை ஒரு அளவுகோலாகவே மாற்றிக்கொண்டுவிட்டோம். உலகத்தில் எது நடந்தாலும் “ஜிடிஏ ஆறு வருவதற்குள் இதுவும் நடந்துவிட்டது” என்று சொல்வது எங்கள் வழக்கம். 2009 ஆகஸ்டில் பாரிஸில் சண்டை போட்டுக்கொண்டு பிரிந்த ஒயாசிஸ் என்ற பிரிட்டிஷ் இசைக்குழுவின் அண்ணன் தம்பிகளான நோயலும் லியமும் 2025 ஜூலை 4 அன்று கார்டிஃபில் ஒரே மேடையில் ஏறியபோதும் அதையே சொன்னேன். குழுவின் பெயர்கூட அம்மாவுக்கு வாயில் நுழையவில்லை. ஆனால் கிட்டத்தட்டப் பதினாறு வருடம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த அண்ணன் தம்பி சேர்ந்துவிட்டார்கள் என்றதும் கண் கலங்கி, ஊரில் வரப்புத் தகராறில் முறைத்துக்கொண்டு நிற்கும் தம் பெரியப்பா மகன்களுக்கு அந்தக் காணொளியை உடனே வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். இரண்டு வீட்டிலிருந்தும் கட்டைவிரல் மட்டும் வந்தது.

‘சில்க்சாங்’ விஷயத்தில் மட்டும் அம்மாவும் நானும் ஒரே கட்சி. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஒரு சிறிய குழு 2019-இல் அறிவித்துவிட்டு, ஆண்டுக்கணக்காக வாயே திறக்காமல் உருவாக்கிய விளையாட்டு அது. வெளியீட்டுக்கு இரண்டு வாரங்களுக்கு முன்புதான் தேதியைச் சொன்னார்கள், சொன்னபடி 2025 செப்டம்பர் 4 அன்று வெளியிட்டார்கள். “நாலு பேருக்குச் சொல்லாம செஞ்சா இப்படித்தான் திருஷ்டி படாம முடியும்” என்று அம்மா அந்தக் குழுவுக்குச் சான்றிதழ் கொடுத்தார். அன்று மாலை ஏழரை மணிக்கு உலகமே ஒரே நேரத்தில் வாங்கப் புகுந்ததில் பெரிய பெரிய இணையக் கடைகள் திணறி நின்றன. நான் வாங்கிய கடையில், அதன் பெயர் வேண்டாம், பணம் போனது, பொருள் வரவில்லை. “காசு போச்சா?” என்று கேட்டுக்கொண்டே அப்பா இரவுச் சாப்பாடு முடியும் வரை என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஒருவழியாக விளையாட்டு வந்து சேர்ந்தபோது, உயிரை முகமூடிகளாக எண்ணும் அந்த விளையாட்டில் ஐந்து முகமூடியோடு தொடங்கும் நாயகியின் உயிரை, போகிற வருகிற எதிரியெல்லாம் ஓரடிக்கு இரண்டாகப் பிடுங்கிக்கொண்டிருந்தது. ஆறரை ஆண்டு காத்திருந்து வாங்கிய அடி என்பதால் அது அவ்வளவாக வலிக்கவில்லை.

தொலைக்காட்சிச் செய்திகளில் எங்கள் வீட்டில் புகழ் பெற்றது ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ ஐந்தாம் பருவம்தான். அதன் பகுதிகள் நம் நேரப்படி காலை ஆறரைக்கு வெளியாகின. டிசம்பர் 26, ஜனவரி 1 ஆகிய இரண்டு நாளும் மார்கழி மாதம். எட்டு மணிக்கு முன் எழுந்து பழக்கமில்லாத மகன், தெருக்கோடிக் கோயிலில் திருப்பாவை ஒலிக்கும் நேரத்தில் குளித்து முடித்துக் கூடத்தில் வந்து உட்கார்ந்ததைக் கண்டு அம்மா பூரித்துப்போனார். முதல் நாள் நான் ஒன்றும் சொல்லவில்லை, சுண்டல் கிடைத்தது. புத்தாண்டு அன்று இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஓடும் கடைசிப் பகுதியைப் போட்டபோது உண்மை வெளிப்பட்டுவிட்டது. அதே காலையில், அரையாண்டு விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகள் உள்ளறையிலிருந்து ஒரு அலறலோடு ஓடி வந்தாள். தென்கொரியாவின் பிடிஎஸ் இசைக்குழுவினர் கையால் எழுதிய வாழ்த்துக் கடிதங்களில் புதிய இசைத்தொகுப்பு மார்ச் 20 அன்று வரும் என்று குறிப்பிட்டிருந்தார்களாம். ஏழு பேரும் கட்டாய ராணுவப் பணிக்குப் போய், சென்ற ஜூனில்தான் கடைசி ஆள் திரும்பினார் என்று அவள் மூச்சு வாங்கச் சொன்னதும், “பட்டாளத்துக்குப் போயிட்டு வந்த பிள்ளைங்களா? அப்பச் சொன்ன தேதியில வந்துருவாங்க” என்று அப்பா உடனே தீர்ப்புச் சொன்னார்.

தொடர் முடிந்த பிறகும் ரசிகர்கள் ஓயவில்லை. பட்டமளிப்புக் காட்சியில் மாணவர்கள் கைகளை வைத்திருந்த விதமே ஒரு குறிப்பு, எல்லாம் மாயை, உண்மையான முடிவு ஒன்பதாம் பகுதியாக அமெரிக்க நேரப்படி ஜனவரி 7 அன்று ரகசியமாக வரும் என்று ஒரு கருத்து உலகம் முழுக்கப் பரவியது. நான் அதை நம்பவில்லை. ஆனாலும் ஜனவரி 8 காலை ஆறரைக்கு எழுந்திருந்தேன், அது நம்பிக்கையில் சேராது. ஒன்பதாம் பகுதி வரவில்லை. அம்மா மட்டும், “இன்னிக்காவது கோயிலுக்கு வர்றியா?” என்றார்.

மே 26 கதை இன்னும் பாக்கி இருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் அடுத்த ஆண்டின் நீண்ட விடுப்புகளை அக்டோபரிலேயே பதிந்துவிட வேண்டும் என்பதால், நான் மே 26 முதல் ஒரு வாரம் என்று பதிந்து, காரணம் என்ற கட்டத்தில் ‘குடும்ப நிகழ்ச்சி’ என்று எழுதியிருந்தேன். நம் நேரப்படி நவம்பர் 7 நள்ளிரவு கழிந்த பிறகு, விளையாட்டு 2026 நவம்பர் 19-க்குத் தள்ளிப்போனது என்ற செய்தி வந்தது. அன்று தாய் நிறுவனத்தின் காலாண்டுக் கணக்கு வெளியாகும் நாள் என்பதால் விழித்துத்தான் இருந்தேன். பங்குதாரர்களை விட இந்தத் தேதிகளை ரசிகர்கள்தான் ஒழுங்காக நினைவில் வைத்திருப்பார்கள். நான் போட்ட சத்தத்தில் அப்பா டார்ச் விளக்கோடு எழுந்து வந்து, “ஷேர் ஏதும் வாங்கித் தொலைச்சியா?” என்று விசாரித்தார். காலையில் அம்மாவிடம் சொன்னபோது அவர் வியப்படையவில்லை. “கத்திரி” என்ற ஒரே சொல்லோடு காபியை வைத்துவிட்டுப் போனார். புதிய தேதி வியாழக்கிழமை, கார்த்திகை பிறந்த பிறகு, அதனால் தடங்கல் இருக்காது என்பது அவருடைய கணிப்பு. முந்தையதைத் தற்செயல் என்றே நான் இன்றும் வாதிட்டு வருகிறேன். இருந்தாலும் அன்று மதியம் ஒன்றரையிலிருந்து மூன்று வரை ராகு காலம் என்பதைக் குறித்து வைத்திருக்கிறேன்.

விடுப்பை மே மாதத்திலிருந்து நவம்பருக்கு மாற்றிக் கேட்டதில்தான் சிக்கல் வந்தது. முப்பதைத் தாண்டிய, மணமாகாத ஒருவன் ‘குடும்ப நிகழ்ச்சி’ என்று ஒரு வாரம் விடுப்புக் கேட்டு, பிறகு அதை ஆறு மாதம் தள்ளிப் போட்டால் மற்றவர்கள் என்னதான் நினைப்பார்கள்? கணக்குப் பிரிவில் இருக்கும் மூத்தவர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, பெண் வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். அமெரிக்காவில் வேலை இன்னும் முடியவில்லையாம் என்று பொய் கலக்காமல் பதில் சொன்னேன். “ஓ, பெண் அமெரிக்காவா?” என்று அவர் மகிழ்ந்து போய்விட்டார். இப்போது அலுவலகத்தில் அன்பளிப்புக்காகத் தலைக்கு ஐந்நூறு ரூபாய் திரட்டுகிறார்கள் என்று கேள்வி. விளையாட்டு வெளியாகும்போது பிளேஸ்டேஷன் 5 அல்லது எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் இருந்தால்தான் ஆட முடியும், என்னிடம் இரண்டும் இல்லை. ஆகவே கல்யாணத்துக்கு என்ன வேண்டும் என்று அவர் நேற்றுக் கேட்டபோது, பாத்திரம் பண்டமெல்லாம் வேண்டாம், பணமாகவே கொடுத்துவிடச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.