அந்தச் சுவரொட்டியை எழுதியது நான்தான்

பன்னிரண்டு வருடமாக நலவாழ்வுப் பிரசுரங்களுக்கு வாசகம் எழுதுகிறேன். அதில் ஒன்றை இன்றைக்கு நினைத்தாலும் மனசு கனக்கிறது. "சோம்பலை விடுங்கள், சதையைக் குறையுங்கள்" என்று கொட்டை எழுத்தில் ஒரு வரி. கீழே கழுத்தில் தொடங்கி இடுப்போடு முடிகிற ஒரு படம். முகம் கிடையாது. அப்போது அது எனக்கு உறுத்தவே இல்லை.

அக்கா அதை ஒரு கிளினிக் சுவரில் பார்த்திருக்கிறாள். முட்டிவலி என்று போனவள். "உட்காரவே தோணலைடி. எல்லாரும் அந்தப் படத்தையும் என்னையும் மாத்தி மாத்திப் பாக்கிற மாதிரி இருந்துச்சு" என்றாள். எழுதியது நான்தான் என்று அவளிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது.

சொன்ன பிறகு அவள் கோபப்படவில்லை. இதுவரை சொல்லாததையெல்லாம் சொன்னாள். ரத்த அழுத்தம் பார்க்கக் கையில் சுற்றும் பட்டை எட்டவில்லை என்று அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்களாம். அப்புறம் அதையே இழுத்துச் சுற்றிப் பார்த்து, "பிரஷர் அதிகம்" என்றார்களாம். கையின் சுற்றளவுக்குப் பட்டை சிறியதாக இருந்தால் அளவு உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். பெரிய பட்டையும் இருக்கிறது, கேட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டும். அது அவளுக்கு எப்படித் தெரியும்? முட்டியை யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "முதல்ல எடையைக் குறைச்சிட்டு வாங்க" என்பதோடு சரி. அதோடு மூன்று வருடம் எந்த மருத்துவரிடமும் அவள் போகவில்லை.

சோம்பல் என்று எந்த தைரியத்தில் எழுதினேன்? உடலின் கொழுப்புச் செல்கள் மூளைக்குச் செய்தி அனுப்பும் லெப்டின் என்ற ஹார்மோனை 1994-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். எடை குறைந்ததும் உடல் அதைப் பஞ்சமாக எடுத்துக்கொண்டு பசியைக் கூட்டுகிறது, எரிக்கும் சக்தியைக் குறைக்கிறது. எடை குறைத்து ஒரு வருடம் கழித்தும் பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்று 2011-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. மரபணு, ஸ்டீராய்டு போன்ற மருந்துகள், தூக்கம் எல்லாமே இதில் உண்டு. 2020-இல் பல நாட்டு மருத்துவ அமைப்புகள் சேர்ந்து 'நேச்சர் மெடிசின்' இதழில் ஒரு கூட்டறிக்கை வெளியிட்டன. எடையை வைத்து ஒருவரை இழிவுபடுத்துவது உடலையும் மனதையும் கெடுக்கிறது, சிகிச்சைக்கு வரவிடாமல் தடுக்கிறது என்று அதில் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள். இதைப் படிக்காமல் எழுதியது என் தவறு.

இப்போது 'குண்டானவர்கள்' என்று நான் எழுதுவதில்லை. 'ஊளைச்சதை' என்ற சொல்லை விளம்பரங்களோடு விட்டுவிட்டேன். 'கொழுப்பை எதிர்த்துப் போர்' என்பதும் வேண்டாம். அந்தக் கொழுப்பு யாரோ ஒருவருடைய உடம்பில்தானே இருக்கிறது, போர் அவரோடா? நீரிழிவு உள்ளவர் என்று சொல்வதைப் போல 'உடல் பருமன் உள்ளவர்' என்று எழுதுகிறேன். அக்காவுக்கு அதுவும் பிடிக்கவில்லை. "பருமன்னா தூணுக்குச் சொல்ற மாதிரி இருக்கு. எடைன்னு சொல்லு, போதும்" என்கிறாள். வேறொருவருக்கு வேறு சொல் பிடிக்கலாம். நேரில் பேசுகிறவர்கள் அவரையே கேட்டுவிடலாம்.

போன வாரம் புதுச் சுவரொட்டியின் வரைவை அவளிடம் காட்டினேன். "முட்டி வலிக்கிறதா? மூச்சு வாங்குகிறதா? வாருங்கள், என்னவென்று பார்ப்போம்." படத்தில் ஒரு பெண் மருத்துவரோடு பேசிக்கொண்டிருக்கிறாள், முகம் தெரிகிறது. அக்கா பேனாவை வாங்கி அடியில் ஒரு வரி சேர்த்தாள்: "பெரிய பட்டையும் கைப்பிடி இல்லாத நாற்காலியும் இங்கே உண்டு."

"இது இருந்தா நான் அன்னைக்கே உட்கார்ந்திருப்பேன்" என்றாள்.

அச்சிட வேண்டுமென்றால் அந்த இரண்டும் உண்மையிலேயே அங்கே இருக்க வேண்டும். வாங்கி வைக்கச் சொல்லி இன்று காலை கடிதம் அனுப்பியிருக்கிறேன்.