விலைச்சீட்டு இல்லாத அலமாரி

சென்னையில் ஓர் ஆயத்த ஆடை ஏற்றுமதி நிறுவனத்தில் பதினோரு ஆண்டுகள் கணக்கு எழுதினேன். தையல் பிரிவுப் பெண்களின் சம்பளப் பட்டியலும் மேலதிகாரிகளின் பயணச் செலவுப் பட்டியலும் ஒரே மேசைக்குத்தான் வரும். ஒரு பெண்ணின் ஆறு மாத உழைப்பு ஒரு விமான டிக்கெட்டில் அடங்கிவிடுவதை ஒவ்வொரு மாதமும் என் கையால் பதிவு செய்தேன். ஒரு கட்டத்தில் அது முடியாமல் போயிற்று. 2014-இல் வேலையை விட்டுவிட்டு, புதுச்சேரிக்கு அருகே பணம் ஆளக் கூடாது என்ற எண்ணத்தோடு பல நாட்டினர் சேர்ந்து வாழும் ஆரோவில்லில் சேர விண்ணப்பித்தேன்.

எனக்கு அந்த ஊர் புதிதன்று. சித்தியைக் கட்டிக்கொடுத்தது வானூர்ப் பக்கம். செம்மண் மேட்டில் முந்திரியும் பனையும் தவிர வேறெதுவும் நிற்காத காலத்தை அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். மழை பெய்தால் மண் கரைந்து கடல் சிவக்குமாம். 1968 பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளின் மண்ணைத் தாமரை மொட்டு வடிவத் தாழியில் இட்டு அந்த மேட்டில்தான் ஆரோவில்லைத் தொடங்கினார்கள். வெட்டவெளியில் முதலில் கத்திச்சவுக்கை வளர்த்து, அதன் நிழலில் கருங்காலி, தேற்றான் போன்ற இம்மண்ணின் மரங்களைக் கொண்டுவந்தார்கள். இன்று அது காடு.

நான் சேர்ந்தபோது இருந்த முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் விருந்தினராகச் சில மாதங்கள் தங்க வேண்டும். பிறகு விண்ணப்பம், நேர்காணல். அதன்பின் நம் பெயரும் படமும் வாராந்தரச் செய்தி மடலில் வெளியாகும்; குடியிருப்போரில் எவரும் கருத்துச் சொல்லலாம். தடை இல்லையென்றால் ‘நியூகமர்’, அதாவது முழு உறுப்பினராகும் முன் சோதனைக் காலத்தில் இருப்பவர். அந்தக் காலம் முழுவதும் சொந்தச் சேமிப்பில்தான் வாழ வேண்டும். வேலை உண்டு, வருமானம் இல்லை. கையில் பணம் இல்லாதவர் எப்படி உள்ளே வருவார் என்று நேர்காணலிலேயே கேட்டேன். அதைப் பற்றி அவர்களும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். பணம் ஆளாத ஊருக்குப் பணம் வைத்திருந்துதான் நுழைய வேண்டும் என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

எனக்குக் கிடைத்த வேலை நாற்றங்காலில். பைகளில் மண் நிரப்புவது, விதை ஊன்றுவது, நிழல்வலையை இழுத்துக் கட்டுவது. வீடு கிடைக்கவில்லை. வெளியூர் செல்கிறவர்களின் வீட்டைப் பார்த்துக்கொண்டு அங்கேயே தங்குவதுதான் நியூகமர்களின் வழக்கம். பதினாறு மாதங்களில் ஆறு வீடுகள் மாறினேன். ஒரு வீட்டில் மூன்று பூனைகள், இன்னொன்றில் கூரை ஒழுகும். ஒரு பெட்டிக்குமேல் உடைமை இருந்தால் இடம் மாற முடியாது. முதல் வீட்டில் இரும்பு அலமாரி வாங்கலாமா என்று யோசித்தவள், நான்காவது வீட்டில் புடவைகளை எடுத்துத் தானம் கொடுத்தேன்.

உண்மையான சோதனை புர்தூஸில் காத்திருந்தது. அது பொருள் வழங்கும் நிலையம். உறுப்பினர்கள் மாதந்தோறும் குறித்த தொகையைக் கட்டுகிறார்கள். அரிசி, பருப்பு, முட்டை, சோப்பு எல்லாம் அலமாரியில் இருக்கும். எதிலும் விலைச்சீட்டு இருக்காது. தேவையானதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

முதல் மாதம் நான் செய்ததை மறைக்க விரும்பவில்லை. எடுத்த ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுதி, பக்கத்தில் வெளிக்கடை விலையைப் போட்டேன். பதினோரு ஆண்டுப் பழக்கம். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால், கட்டிய தொகையைவிடக் குறைவாக எடுத்திருந்தேன். உடனே போய்ப் பாலாடைக்கட்டி இரண்டு எடுத்து வந்தேன். நான் பாலாடைக்கட்டி சாப்பிடுவதே இல்லை. பத்து நாளில் அது பூனை வீட்டுக் குளிர்பெட்டியில் பூசணம் பிடித்தது. அதைக் குழியில் புதைத்தபோதுதான் புரிந்தது: நான் எடுத்தது என் பங்கு அன்று, வேறு யாரோ சாப்பிட்டிருக்க வேண்டியது. நான் குறைவாக எடுத்த மாதத்தில் குழந்தைகள் உள்ள ஒரு வீடு கூடுதலாக எடுத்திருக்கும். அதற்காகத்தான் அந்த ஏற்பாடே. நோட்டை அன்றோடு நிறுத்திவிட்டேன் என்று சொல்ல முடியாது. மூன்றாம் மாதம் வரை எழுதினேன். பிறகு ஒரு நாள் எழுத மறந்திருந்தேன்.

அப்படி மறந்த நாளை என் வாழ்வின் நல்ல நாட்களில் ஒன்றாகக் கருதுகிறேன்.

சித்தி கேட்ட கேள்விகள் நேர்காணலைவிடக் கடினமானவை. “வீடு கட்டப் பணம் கொடுத்தால் பத்திரம் உன் பெயரில் வருமா?” வராது. நிலமும் கட்டடமும் 1988-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த ஆரோவில் அறக்கட்டளைக்கு உரியவை. விற்கவும் முடியாது, பிள்ளைகளுக்கு எழுதி வைக்கவும் முடியாது. “அப்படியென்றால் எங்கள் ஊர் ஏரிபோல,” என்றார் சித்தி. ஏரியை யாரும் பட்டா போட முடியாது. ஆனால் மீன் பிடிக்கும் நாளில் எல்லோரும் இறங்குவார்கள். நான் படித்த எந்த விளக்கமும் இவ்வளவு தெளிவாக இல்லை.

2016-இல் குடியிருப்போர் பதிவேட்டில் என் பெயர் ஏறியது. இப்போது பொதுப்பணி செய்கிற மற்றவர்களைப் போல எனக்கும் ‘மெயின்டனன்ஸ்’ என்ற மாதத் தொகை வருகிறது. குப்பை பிரிப்பவருக்கும் பள்ளியில் கற்பிப்பவருக்கும் அடிப்படைத் தொகை ஒன்றே. வெளியில் சேமிப்போ ஓய்வூதியமோ உள்ளவர்கள் கூடுதல் வசதியோடு இருக்கிறார்கள் என்பதும் உண்மை. முழுச் சமத்துவம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சம்பளப் பட்டியலில் மேலிருந்து கீழே இறங்கும் அந்தப் படிக்கட்டு இங்கே என் கண்ணில் படவில்லை.

என்னை உறங்கவிடாத கேள்வி வேறு. சுற்றுக் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் தினமும் இங்கே வேலைக்கு வருகிறார்கள். அவர்களுக்குக் கூலி, எங்களுக்குப் பங்கு. நாற்றங்காலில் என் எதிரே உட்கார்ந்து மண் நிரப்புகிற அக்கா என்னைவிட வேகமாகப் பை நிரப்புவார். ஐந்து மணிக்கு அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கோட்டக்கரைக்குப் போய்விடுவார், நான் விலைச்சீட்டு இல்லாத அலமாரிக்குப் போவேன். அங்கே எதை எடுத்தாலும் அவர் முகம் நினைவுக்கு வருகிறது.

போன மாதம் குடியிருப்போர் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசினேன். அதற்கு மறுநாள் அக்காவிடம், நீங்களும் வந்து பேசுவீர்களா என்று கேட்டேன். “கூலியில் பிடித்தம் இல்லையென்றால் வருகிறேன்,” என்றார். அடுத்த கூட்டத்தை வேலை நேரத்தில் வைக்கச் சொல்லி, அந்த நேரத்துக்கும் கூலி உண்டு என்பதை முதல் வரியாக எழுதிக் கொடுத்திருக்கிறேன்.