செம்புழுதியும் காற்றுத் துவக்கும்

எங்கள் துப்பாக்கி சுடும் கழகத்தின், பத்து மீற்றர் தூரப் போட்டிக்கான காற்றுக் கைத்துவக்கைத் துப்புரவாக்கும் பொறுப்பு இந்த மாதம் என்னுடையது. குழலுக்குள் சன்னம் இல்லையென்பதைக் கண்ணால் பார்த்து, காற்றுச் சிலிண்டரையும் கழற்றி அப்பால் வைத்த பின்னரே மற்ற வேலையில் கைவைப்பேன். இதில் வெடிமருந்து எரிவதில்லை என்பதால் கரி படியாது, 4.5 மில்லிமீற்றர் ஈயச் சன்னங்கள் விட்டுச்செல்லும் மெல்லிய ஈயப்பூச்சு மட்டுமே குழலில் தங்கும். அதற்குக் கம்பித் தூரிகை வேண்டியதில்லை. வெள்ளைத் துணித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பின்புறமிருந்து குழலின் வாய்ப்பக்கமாக இழுத்தபோது முதல் துண்டு பென்சில் கரியைப் போலச் சாம்பல் நிறமாக வந்தது. நான்காவது ஏறத்தாழ வெள்ளையாகவே வந்தது.

வவுனியாவில் சைக்கிள் திருத்தும் என் அப்பாவுக்கு எந்தக் கோளாறுக்கும் இரண்டு சொட்டு எண்ணெய்தான் மருந்து. ஆனால் 200 பார் அழுத்தத்தில் காற்று நிற்கும் இடத்தில் சாதாரண எண்ணெய் பட்டால் அது தீப்பற்றவும் கூடும், றப்பர் வளையங்களை ஊதவைத்துக் காற்றைக் கசியவிடவும் கூடும் என்பதால், அங்கே உற்பத்தியாளர் சொன்ன சிலிக்கன் கிறீஸைத் தவிர வேறெதையும் நான் பூசுவதில்லை.

எனக்கு உண்மையான தலையிடி எங்கள் செம்புழுதிதான். சுடுவதற்கு விரலால் இழுக்கும் விசை, விடுபடாமல் குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும் என்பது போட்டி விதி. அந்த நுட்பமான பொறிக்குள் ஒரு மணல் புகுந்தாலும் விரல் உடனே உணர்ந்துவிடும். மென்தூரிகையால் தட்டிவிட்டேன், திருகாணிகளைத் தொடவில்லை. ஈயம் பட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகே தேநீரை எடுத்தேன், அது ஆறிப்போயிருந்தது.