சிலேட்டில் பதின்மூன்று வாரம்

ஞாயிறு இரவு சிலேட்டைத் துடைத்துக் கவிழ்த்து வைத்தேன். பதின்மூன்றாவது வாரம் முடிந்துவிட்டது. நற்குணங்களைப் பழக பெஞ்சமின் பிராங்கிளின் சொன்ன கட்ட முறையில், மூன்றாவது முயற்சியில்தான் ஒரு சுற்று முழுதாக ஓடியிருக்கிறது. அந்தச் சந்தோஷத்தில்தான் இதை எழுதுகிறேன்.

சுயமுன்னேற்றப் புத்தகம் என்று என்னிடம் ஓர் அலமாரித் தட்டு நிறைய இருக்கிறது. எல்லாவற்றிலும் அடிக்கோடு, ஓரத்தில் நட்சத்திரக் குறி. ஆறு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால் எதற்காக அந்த நட்சத்திரம் என்று எனக்கே தெரியாது. இது எனக்குப் பல வருடமாக உறுத்திக்கொண்டிருந்தது. இப்படி நட, அப்படி நட என்று அந்தப் புத்தகங்கள் சொல்கின்றன, ஆனால் எழுதியவர் அப்படி நடக்கப் பார்த்து எந்த நாளில் தடுக்கி விழுந்தார் என்று சொல்வதில்லை. அது தன்வரலாற்றில்தான் கிடைக்கிறது. பிராங்கிளினின் சுயசரிதை இங்கே ரங்கூனில், பன்சோடான் தெரு நடைபாதையில் ஆங்கிலப் பழைய பிரதியாகக் கிடைத்தது, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். பதின்மூன்று நற்குணம், வாரத்துக்கு ஒன்றாகக் கவனம், பதின்மூன்று வாரம் ஒரு சுற்று, வருடத்துக்கு நாலு சுற்று. குணத்துக்கு ஒரு வரிசை, நாளுக்கு ஒரு கட்டம், தவறினால் அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி. கவனம் ஒன்றில்தான் என்றாலும் புள்ளி எல்லா வரிசையிலும் விழும். 1784இல், எழுபத்தெட்டு வயதில் அதை எழுதுகிறபோது, ஒழுங்கு என்கிற குணம் மட்டும் தனக்குக் கடைசிவரை படியவே இல்லை என்று ஒப்புக்கொள்கிறார். அந்த இடத்தில்தான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது.

முதல் இரண்டு முயற்சியும் நோட்டுப் புத்தகத்தில். இரண்டும் ஐந்தாவது வாரத்தைத் தாண்டவில்லை. பென்சில் புள்ளியை அழித்து அழித்துத் தாள் கிழிந்தது. பிராங்கிளினுக்கும் இதே கதைதான்: பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டி அவருடைய சின்னப் புத்தகம் ஓட்டையாகிவிட, யானைத் தந்தத் தகட்டில் சிவப்பு மையால் கோடு போட்டுக்கொண்டு, பென்சிலால் புள்ளி வைத்து, ஈரப் பஞ்சால் துடைத்திருக்கிறார். தந்தத்துக்கு நான் எங்கே போவேன்? அப்புறம்தான் மகளுடைய பழைய பள்ளிக்கூடச் சிலேட்டு கண்ணில் பட்டது. பர்மாக்காரர்கள் அந்தக் காலத்தில் கறுப்புப் புரபைக் மடிப்பேட்டில் மாக்கல் குச்சியால் எழுதி அழித்து மறுபடி எழுதியிருக்கிறார்கள். நமக்கு சிலேட்டும் பலப்பமும்.

இதில் கஷ்டமே கோடு போடுவதுதான். அதற்கு மட்டும் எனக்கு இரண்டு வாரம் ஆனது. புள்ளி அழிய வேண்டும், கோடு அழியக்கூடாது. மார்க்கர் பேனா மூன்றாம் நாளே ஈரத்துணியோடு வந்துவிட்டது. எனாமல் பெயிண்ட் பிடித்தது, ஆனால் கோடு தடித்துக் கட்டம் சுருங்கிவிட்டது, பலப்பம் அதில் இடறுகிறது. கடைசியில் கீறிவிடுவது என்று முடிவு செய்தேன். காம்பஸ் முள் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. உடைந்த ஹாக்சா பிளேடின் முனைதான் சரியாக வந்தது. இரும்பு ஸ்கேலை அழுத்திப் பிடித்து, சிலேட்டை நனைத்துக்கொண்டு (இல்லாவிட்டால் தூள் பறக்கும்) இரண்டே இழுப்பு. ஒரு இழுப்பு போதாது, மூன்றாவது இழுத்தால் ஓரம் பெயர்கிறது. கிடைக்கோடு எல்லாவற்றையும் முதலில் கீறிவிட்டு, நெடுக்குக்கோடு போடும்போது குறுக்குவெட்டு வருகிற ஒவ்வொரு இடத்திலும் பிளேடைத் தூக்கி எடுத்து வைக்க வேண்டும். அப்படியே இழுத்துக்கொண்டு போனால் அந்த மூலையில் ஒரு சில்லு தெறிக்கும். முதல் சிலேட்டில் அப்படி ஒன்பது சில்லு போயிற்று. இரண்டாவதில் ஒன்றுகூட இல்லை, இதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன். இன்னொரு நல்ல விஷயம், துடைக்கத் துடைக்கப் பலப்பத்தூள் அந்தக் கீறலில் போய் உட்கார்ந்து கோடு தானாகவே வெள்ளையாகிவிடுகிறது. கரண்ட் இல்லாத ராத்திரியில் சார்ஜ் விளக்கு வெளிச்சத்தில்கூடக் கட்டம் பளிச்சென்று தெரிகிறது.

ஒரே குறை, துடைத்தால் போனது போனதுதான். அதனால் ஞாயிறு இரவு துடைப்பதற்கு முன்னால் கடையின் பழைய பேரேட்டில் ஒரு வரி எழுதுகிறேன்: எத்தனையாவது வாரம், மொத்தம் எத்தனை புள்ளி, அதில் ஒரு புள்ளிக்கு மட்டும் என்ன நடந்தது என்கிற விவரம். எல்லாப் புள்ளிக்கும் எழுத ஆரம்பித்தால் இரண்டே வாரத்தில் அலுத்துவிடும்.

பட்டியலை நான் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. பிராங்கிளின் மௌனம் என்று வைத்த இடத்தில் குறளின் 20ஆம் அதிகாரத்தை வைத்தேன், பயனில சொல்லாமை. அவர் கேட்பதும் வாயை மூடிக்கொள்வதை அல்ல, உபயோகமில்லாத பேச்சை விடுவதைத்தான், அதற்கு நம்மிடம் இவ்வளவு நேரான பேர் இருக்கும்போது வேறு எதற்கு? மன அமைதி இருந்த இடத்தில் வெகுளாமை, சுறுசுறுப்புக்கு மடியின்மை. இனியவை கூறலையும் ஒரு வரிசையாகச் சேர்த்தேன், அதற்காக வேறொன்றைத் தள்ள வேண்டியிருந்தது.

கணக்கு இதோ. வெகுளாமை வரிசையில் முதல் வாரம் ஒன்பது புள்ளி, பதின்மூன்றாவது வாரம் இரண்டு. பயனில சொல்லாமையில் எட்டிலிருந்து ஐந்துக்குத்தான் இறங்கியிருக்கிறது. டீக்கடை முக்காலியில் உட்கார்ந்தால் அது ஏறிவிடுகிறது. ஒழுங்கு எனக்கும் அசையவில்லை.

இனியவை கூறல் வரிசையில் விழுந்த ஒரு புள்ளியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அப்பாவுக்கு எண்பது ஆகப்போகிறது. 1964இல் கடைகளை அரசுடைமையாக்கினபோது தாத்தாவின் மளிகைக்கடை போன கதையை அடிக்கடி ஆரம்பிப்பார். அதே வருடம் மே மாதம் ஐம்பது, நூறு கியாட் நோட்டு செல்லாமல் போனதையும் சேர்த்துச் சொல்வார். நான் வழக்கம்போல "தெரியும்ப்பா, சொல்லியிருக்கீங்க" என்று எழுந்துவிட்டேன். ராத்திரி சிலேட்டை எடுத்தால் அந்தக் கட்டத்தில் புள்ளி வைக்காமல் இருக்க முடியவில்லை. மறுநாள் நானாகவே போய் உட்கார்ந்து, "கடையைக் கணக்கெடுத்தாங்களே, அன்னைக்கு என்னப்பா நடந்துச்சு?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அப்புறம் சொன்னார்: "எல்லாத்தையும் எழுதிக்கிட்டாங்க. தராசு, படிக்கல்லு, ஒண்ணு விடல. கடைசியில உங்க தாத்தா அந்த ஆபீசரைக் கூப்பிட்டு, இந்த அரை வீசைக் கல்லு தேஞ்சுபோச்சுங்க, இதுல நிறுத்து யாருக்கும் வித்துடாதீங்கன்னாரு."

இத்தனை வருடத்தில் இதை நான் கேட்டதே இல்லை. அந்த வாரம் பேரேட்டில் எழுதியது இது மட்டும்தான்.

அதிலிருந்து புத்தகத் தேர்வும் மாறிவிட்டது. இந்த ஊர் மனிதர்கள் பட்ட பாட்டை எழுதிவைத்ததைத் தேடுகிறேன். எழுத்தாளர் வெ. சாமிநாத சர்மா 1932 முதல் பத்து வருடம் ரங்கூனில் இருந்தவர், அங்கே ‘ஜோதி’ பத்திரிகையை நடத்தியவர், ஊரில் குண்டு விழுந்தபிறகு 1942இல் இந்தியாவுக்கு நடந்தே போனார், அந்த நடையைப் புத்தகமாகவும் எழுதியிருக்கிறார். அச்சுப் பிரதிக்கு சென்னையிலிருந்து யாராவது வரும்வரை காத்திருக்க வேண்டும். 37ஆம் தெருப் புத்தகக் கடைகளில் பர்மியமும் ஆங்கிலமும் கிடைக்கிற மாதிரி தமிழ் கிடைப்பதில்லை. போன தடவை ஒரு விற்பனையாளரிடம் பணம் கட்டி மூன்று மாதம் காத்திருந்தேன், வந்த பிரதியில் நடுவே முப்பத்திரண்டு பக்கம் காணோம். கேட்டதற்குப் பதிலே இல்லை. இனி அந்தப் பக்கம் போகமாட்டேன். அதுவரைக்கும் மின்னூலகங்களில் தேடிக்கொண்டிருக்கிறேன், ஆனால் போனில் படித்தால் எனக்கு மனதில் நிற்பதில்லை, தாளில் படித்தால்தான் நிற்கிறது.

அப்பா சொல்வதைப் பதிவு செய்யவும் ஆரம்பித்திருக்கிறேன். தினமும் கால் மணி நேரம், போனை மேஜைமேல் வைத்துவிட்டுக் குறுக்கே பேசாமல். குறுக்கே பேசினால் சிலேட்டில் ஒரு புள்ளி. நேற்று அவரே கேட்டார், "எனக்கும் ஒரு சிலேட்டு போட்டுக் குடேன்." அவருக்குப் பதின்மூன்று வேண்டாமாம், நாலே நாலு குணம் போதுமாம், ஆனால் கட்டம் பெரிதாக இருக்க வேண்டுமாம், கண் சரியாகத் தெரியவில்லை. புதுச் சிலேட்டு வாங்கிவிட்டேன். கிடைக்கோடு கீறியாகிவிட்டது. நெடுக்குக்கோடு நாளைக்கு, பகல் வெளிச்சத்தில்.